வாசகர் கேள்வி – பதில்: புயல் எச்சரிக்கை வந்துவிட்டது, வீட்டில் நோயாளி இருக்கிறார்

வடகிழக்குப் பருவமழையை முன்னிட்டு, நோயாளிகள், முதியோர், கர்ப்பிணிகள், மாற்றுத்திறனாளிகள் உள்ள வீடுகளிலிருந்து கேள்விகள் கேட்டிருந்தோம். பொது சுகாதாரப் பணியில் உள்ள மருத்துவர்களும் செவிலியர்களும் அவற்றுக்குப் பதில் தருகிறார்கள். மருந்தின் அளவை மாற்றுவது எதுவானாலும் உங்கள் மருத்துவரிடம் கேட்டே செய்யுங்கள். அந்தக் கேள்வியை மழை வருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

என் கணவருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். 2023 மிக்ஜாம் புயலின்போது தெருவெல்லாம் தண்ணீர், நாள் கணக்கில் வெளியே போக முடியவில்லை. இந்த முறை எப்படித் தயாராவது?
– வாசகி, வேளச்சேரி

வானிலை மையம் உங்கள் மாவட்டத்துக்கு ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை விட்ட அன்றே டயாலிசிஸ் மையத்துக்குப் போன் செய்து, அடுத்த முறையை ஒரு நாள் முன்னதாகத் தரச் சொல்லிக் கேளுங்கள். எச்சரிக்கை முற்றிய பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள், இயந்திரம் கிடைக்காது. உங்கள் வீடு தப்பினாலும் மையம் தப்ப வேண்டுமே! ஒருவருக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்ய, சுத்திகரித்த நீர் மட்டும் 120 லிட்டர் வேண்டும். மின்சாரமோ தண்ணீர் லாரியோ நின்றால் மையமும் நின்றுவிடும். அதனால் மேட்டுப் பகுதியில் இன்னொரு மையத்தை இப்போதே பார்த்து வையுங்கள். உறவினர் வீடு அதன் பக்கத்தில் இருந்தால், எச்சரிக்கை வந்ததும் அங்கே போய்விடுவதுதான் எல்லாவற்றிலும் நல்லது.

புதிய மையம் முதலில் கேட்பது கடைசி டயாலிசிஸ் குறிப்புத் தாளை. தண்ணீர் ஏறாதபோது இருக்கவேண்டிய உடல் எடை, டயலைசர் (இரத்தத்தை வடிகட்டும் குழல்) வகை, ஹெப்பாரின் (இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) அளவு, ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. பரிசோதனை முடிவு ஆகியவை அதில் இருக்க வேண்டும். வைரஸ் பரிசோதனை முடிவு இல்லாமல் எந்த இயந்திரத்தில் போடுவது என்று அவர்களால் முடிவெடுக்க முடியாது. பல குடும்பங்கள் திருப்பி அனுப்பப்படுவது இந்த ஒரு தாள் இல்லாததால்தான். அந்தத் தாளையும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை நகலையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, போனிலும் படம் எடுத்து வையுங்கள்.

டயாலிசிஸ் தள்ளிப்போகும் நாட்களில் உயிரைப் பறிப்பவை இரண்டு: உடலில் தேங்கும் தண்ணீர், இரத்தத்தில் ஏறும் பொட்டாசியம். சிறுநீர் அறவே வராதவர் என்றால் நாள் முழுவதற்கும் அரை லிட்டர்தான். காலையில் 500 மி.லி. பாட்டிலில் ஊற்றி வைத்து, மாத்திரை விழுங்குவது முதல் காபி வரை எல்லாவற்றையும் அந்தக் கணக்கிலேயே கழியுங்கள். நிவாரணமாக வரும் உணவில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. வாழைப்பழம், இளநீர், உருளைக்கிழங்கு, தக்காளி எல்லாம் பொட்டாசியம் நிறைந்தவை. புளியோதரையில் உப்பும் புளியும் சேர்ந்தே இருக்கும். களைப்பாக இருக்கிறாரே என்று அக்கம்பக்கத்தார் ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுப்பார்கள், அதிலும் பொட்டாசியம் உண்டு. 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதும் அப்படியே. வெறும் சாதம், உப்பு குறைத்த ரவை உப்புமா, ரொட்டி, சர்க்கரை போதும். பொட்டாசியத்தைக் குறைக்கும் பொடி மருந்து ஒன்று இருக்கிறது. அவசரத்துக்கு வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கால் தளர்ந்து எழுந்திருக்க முடியாமல் போனாலோ, நெஞ்சு படபடத்தாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைத்து, 'டயாலிசிஸ் தவறியவர்' என்ற சொல்லை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். படகில் ஏற்றும்போது ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக இணைத்த இரத்தக் குழாய்) உள்ள கையைப் பிடித்து இழுக்கவோ, அதில் கயிறு கட்டவோ விடாதீர்கள்.

கஜா புயலுக்குப் பிறகு எங்கள் ஊரில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. இன்சுலினை எப்படிக் கெடாமல் வைப்பது?
– வாசகர், வேதாரண்யம்

பிரிக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி தேவை. பயன்படுத்திக்கொண்டிருக்கும் குப்பியோ பேனாவோ 30 டிகிரிக்குள், வெயில் படாமல் இருந்தால் பெரும்பாலான வகைகள் நான்கு வாரம் தாங்கும். பெட்டியில் உள்ள தாளில் உங்கள் வகைக்கு எத்தனை நாள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். புயல் காலத்தில் நம் ஊர் வெப்பநிலை பெரும்பாலும் அந்த அளவுக்குள்தான் இருக்கும். ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது என்பதற்காக இன்சுலினைத் தூக்கி எறியவும் வேண்டாம், ஊசி போடுவதை நிறுத்தவும் வேண்டாம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தேதியைக் குப்பியின் மேல் எழுதுங்கள்.

கோடையில் கைகொடுக்கும் ஈரமணல் பானை முறை (பெரிய பானையில் ஈரமணல் போட்டு, அதற்குள் சிறு பானையை வைப்பது) மழைக்காலத்தில் அவ்வளவாகக் குளிர்விக்காது. காற்றிலேயே ஈரம் இருக்கும்போது பானையின் ஈரம் ஆவியாவது குறைவு. இருந்தாலும் வீட்டின் மற்ற இடங்களைவிட அது மோசமில்லை. ஐஸ் கிடைத்தால் குப்பியைத் துணியில் சுற்றி, டப்பாவில் போட்டு, அந்த டப்பாவை ஐஸ் மேல் வையுங்கள். ஐஸ் நேராகப் பட்டு இன்சுலின் ஒருமுறை உறைந்துவிட்டால், உருகிய பிறகு பார்க்க நன்றாக இருந்தாலும் அது பயனற்றது. தெளிவாக இருக்கவேண்டிய இன்சுலின் கலங்கியிருந்தாலோ, பால்போல் இருக்கும் வகை உருட்டிய பிறகும் திரிதிரியாக இருந்தாலோ, குப்பியின் உட்சுவரில் பனிபோல் ஒட்டியிருந்தாலோ அதைப் போடாதீர்கள்.

இதைவிட நாங்கள் அதிகம் அஞ்சுவது சிரிஞ்சுக் குழப்பத்தை. நம் ஊரில் குப்பி இன்சுலின் பெரும்பாலும் ஒரு மி.லி.க்கு 40 யூனிட், அதற்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு. பேனாவில் வருவதும் சில குப்பிகளும் மி.லி.க்கு 100 யூனிட், அதற்கான சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. முகாமில் கிடைத்ததை வாங்கும்போது இரண்டும் மாறிவிடும். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் '20' கோடு வரை இழுத்தால் உடலுக்குள் போவது 50 யூனிட்! தாழ்சர்க்கரையில் நினைவு தப்ப அது போதும். 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் போவது 8 யூனிட்தான். குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்க்காமல் ஊசியை எடுக்காதீர்கள். பதினைந்து நாளுக்கான சிரிஞ்சுகளை இன்சுலினோடு சேர்த்து ஒரே டப்பாவில் வைத்துவிட்டால் இந்தச் சிக்கலே வராது.

முதல் வகை நீரிழிவு உள்ளவர் சாப்பாடு குறைந்தாலும் இன்சுலினை முற்றிலும் நிறுத்தக் கூடாது. கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்கோ நேர்மாறு. உணவு கிடைக்காத நாளில் அதை விழுங்கினால் சர்க்கரை இறங்கிவிடும். எந்த மாத்திரையை எப்போது விட வேண்டும் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி வையுங்கள். வியர்த்து, கை நடுங்கினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். வெள்ளத்தில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். உணர்ச்சி குறைந்த காலில் கண்ணாடி குத்தியதே தெரியாது. வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, அடிப்பாதத்தை இன்னொருவர் பார்க்க வேண்டும்.

அப்பாவுக்கு நுரையீரல் நோய். ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரில் நிமிடத்துக்கு 2 லிட்டர் வைத்திருக்கிறோம். வீட்டு இன்வெர்ட்டர் போதுமா?
– வாசகர், கடலூர்

போதாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். காற்றிலிருந்து நிமிடத்துக்கு 5 லிட்டர் வரை ஆக்சிஜன் பிரித்துத் தரும் இயந்திரம் ஏறத்தாழ 350 வாட் இழுக்கும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஏட்டளவில் 1,800 வாட்-மணி, அதில் கைக்குக் கிடைப்பது 1,200 அளவில்தான். மின்விசிறி, விளக்கு எல்லாவற்றையும் அணைத்தாலும் மூன்றரை மணி நேரம். மூன்று வருடப் பேட்டரி என்றால் இன்னும் குறையும். சதுர அலை இன்வெர்ட்டரில் கம்ப்ரஸர் சூடாகும், சைன் அலை இன்வெர்ட்டர்தான் வேண்டும். ஒருநாள் பகலில், அப்பாவைச் சிலிண்டருக்கு மாற்றிவிட்டு, மெயின் சுவிட்சை அணைத்து இயந்திரம் எத்தனை நேரம் ஓடுகிறது என்று நீங்களே பார்த்துவிடுங்கள்.

உண்மையான காப்பு சிலிண்டர்தான். 'பி' வகைச் சிலிண்டர் நிறைந்திருந்தால் 1,500 லிட்டர். 2 லிட்டர் வேகத்தில் பன்னிரண்டரை மணி நேரம் வரும். 'டி' வகை ஜம்போ 7,000 லிட்டர், அதே வேகத்தில் 58 மணி நேரம். மூன்று நாள் மின்வெட்டுக்கு ஒரு ஜம்போவும் ஒன்றிரண்டு பி-யும் வேண்டும். பி சிலிண்டரில் மீதியைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. அழுத்தமானி காட்டும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் லிட்டர். முள் 60-இல் நின்றால் 600 லிட்டர், அப்பாவுக்கு 5 மணி நேரம். மானி 150 வரை காட்டும் வகையாக இருக்க வேண்டும்.

சிலிண்டர் வந்தும் பயன்படாமல் போவதற்குக் காரணம் எப்போதும் சின்னப் பொருள்தான்: ரெகுலேட்டர் வாய் பொருந்தாது, வாஷர் இருக்காது, திறக்கும் சாவியைக் காணோம். வாடகைக்கு எடுக்கும் அன்றே மாட்டி, ஓட்டிப் பார்த்து, வாடகைக்குக் கொடுத்தவரிடமே அதை உங்கள் கையால் செய்து காட்டுங்கள். வால்வில் எண்ணெயோ கிரீஸோ படக் கூடாது, தீப்பிடிக்கும். அந்த அறையில் மெழுகுவத்தி, மண்ணெண்ணெய் விளக்கு, சாமி விளக்கு எதுவும் வேண்டாம், டார்ச் மட்டும். மூச்சு வாங்குகிறது என்று 2 லிட்டரை 5 ஆக்கிவிடாதீர்கள். இந்த நோயில் அளவுக்கு மீறிய ஆக்சிஜன் கரியமில வாயுவைத் தேக்கி மயக்கத்தில் தள்ளும். மருத்துவர் சொன்ன அளவில் ஆக்ஸிமீட்டர் 88க்கும் 92க்கும் இடையில் இருந்தால் பெரும்பாலும் போதும். ஜெனரேட்டரை ஒருபோதும் வீட்டுக்குள்ளோ மூடிய பால்கனியிலோ ஓட்டாதீர்கள். அதன் புகையில் மணமில்லாத நச்சு வாயு இருக்கிறது, தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

மருமகளுக்கு இது ஒன்பதாம் மாதம். தாமிரபரணிக் கரை கிராமம். எப்போது கிளம்ப வேண்டும்?
– வாசகி, ஸ்ரீவைகுண்டம் வட்டம்

சிவப்பு எச்சரிக்கைக்குக் காத்திருக்காமல் கிளம்புங்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. உங்கள் ஸ்ரீவைகுண்டம் நிலையத்திலேயே செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு இரண்டு நாள் நின்றது. ரயிலுக்கே வழியில்லாத இடத்தில் ஆம்புலன்ஸை எதிர்பார்க்க முடியாது. பிரசவத் தேதிக்கு இரண்டு வாரத்துக்குள் இருப்பவர்களை முன்கூட்டியே மருத்துவமனையில் சேர்ப்பதைப் புயல் காலங்களில் அரசே செய்கிறது. கிராம சுகாதார செவிலியரிடம் மருமகளின் பிக்மி எண்ணும் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) பிரசவத் தேதியும் இருக்கின்றனவா என்று உறுதிசெய்யுங்கள். இரட்டைக் குழந்தை, முந்தைய சிசேரியன், இரத்த அழுத்தம், கடும் இரத்தசோகை இருந்தால் இன்னும் முன்னதாகவே இரத்த வங்கி உள்ள மருத்துவமனைக்குப் பக்கத்தில் தங்க வையுங்கள்.

வழி அடைபட்ட நிலையில் குழந்தை பிறந்துவிட்டால்: உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்து, தாயின் மார்பில் தோலோடு தோல் படும்படி போட்டு, இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள். தொப்புள் கொடியை இழுக்காதீர்கள். கிருமி நீக்கிய கருவி இல்லையென்றால் வெட்டவே வேண்டாம், உதவி வரும்வரை அப்படியே இருக்கலாம். முதல் மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள்.

எங்கள் இளைஞர் மன்றம் முகாம்களுக்குப் பால் பவுடர் டின்களும் பால் புட்டிகளும் கொடுக்கலாம் என்று நினைக்கிறது.
– வாசகர், திருவொற்றியூர்

உங்கள் நல்லெண்ணம் புரிகிறது, ஆனால் இதைச் செய்யாதீர்கள். குழந்தைப் பால் மாவை இலவசமாக வழங்குவதை 1992-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது, அதற்கு நியாயமான காரணமும் உண்டு. முகாமில் கொதித்த தண்ணீர் கிடைக்காது, புட்டியைக் கழுவ வழியில்லை. இலவச டின் வந்ததும் தாய்ப்பால் குறையும். இரண்டு வாரத்தில் டின் தீரும், அதற்குள் பாலும் வற்றியிருக்கும், குழந்தைக்கு வயிற்றுப்போக்கும் பிடித்திருக்கும். அதிர்ச்சியில் பால் நின்றுவிட்டது என்று தாய் சொன்னால், சுரப்பு தற்காலிகமாகத் தடைபட்டிருக்கிறது என்றுதான் பொருள். அடிக்கடி சப்பக் கொடுத்தால் திரும்பிவிடும். மன்றம் செய்யக்கூடியது: முகாமில் சேலை கட்டி மறைத்த ஒரு மூலை, அங்கே ஒரு நாற்காலி, தாய்க்குக் கூடுதல் சாப்பாடும் குடிநீரும்.

தாய் இல்லாத குழந்தைக்கும், ஏற்கெனவே மாவுப்பாலில் வளரும் குழந்தைக்கும் செவிலியர் வழியாகக் கொடுக்கலாம். கொதித்து 70 டிகிரிக்குக் குறையாமல் இருக்கும் தண்ணீரில், ஒருவேளைக்கு மட்டும் கலந்து, ஆறவைத்துப் பாலாடையில் (சங்கு போன்ற சிறு கிண்ணம்) புகட்ட வேண்டும். பாலாடையை ஒரு நிமிடத்தில் கழுவிக் கொதிக்க வைத்துவிடலாம், புட்டியின் காம்புக்குள் கை போகாது.

படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவுக்குக் காற்று மெத்தை போட்டிருக்கிறோம். தரைத்தள வீடு.
– வாசகி, முடிச்சூர்

கரண்ட் போனதும் பம்பு நிற்கும், சில மணி நேரத்தில் மெத்தை இளகி, அம்மா வெறும் கட்டில் பலகையில் கிடப்பார். படுக்கைப் புண் ஒரே இரவில் தொடங்கிவிடும். காற்று மெத்தைக்கு அடியில் நான்கு அங்குல ஃபோம் மெத்தை இப்போதே போட்டு வையுங்கள். பல மெத்தைகளில் குழாய் முனையை அடைக்க ஒரு மூடி இருக்கும், மின்சாரம் போனவுடன் அதைப் பொருத்தினால் காற்று உள்ளேயே நிற்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது தவறக் கூடாது.

தண்ணீர் வீட்டுக்குள் வந்த பிறகு தூக்குவது கடினம். எச்சரிக்கை வந்த அன்று மாலையே மாடி வீட்டுக்கு மாற்றுங்கள். கெட்டியான போர்வையை அடியில் விரித்து நான்கு பேர் நான்கு முனையைச் சுருட்டிப் பிடித்தால் மாடிப்படி ஏறலாம். பிளாஸ்டிக் நாற்காலியை நம்பாதீர்கள், படியில் கால் உடையும். சிறுநீர்க் குழாயோடு மாட்டிய பை எப்போதும் இடுப்புக்குக் கீழேயே இருக்கட்டும். மூக்குக் குழாயில் உணவு கொடுத்து ஒரு மணி நேரமாவது ஆகாமல் தூக்காதீர்கள்.

சம்ப்பில் சாக்கடை கலந்துவிட்டது. வீட்டில் கைக்குழந்தையும் தாத்தாவும் இருக்கிறார்கள். பிளீச்சிங் பவுடர் போட்டால் குடிக்கலாமா?
– வாசகி, பள்ளிக்கரணை

கலங்கிய நீரில் எவ்வளவு பவுடர் போட்டாலும் பலனில்லை. அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். முதலில் முழுவதும் இறைத்து, சேற்றை அள்ளி, சுவரைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்புங்கள். பிறகு 1,000 லிட்டருக்கு 5 கிராம் வீதம், 10,000 லிட்டர் சம்ப் என்றால் 50 கிராம். வாளியில் கூழாகக் குழைத்து, தண்ணீர் ஊற்றி, பத்து நிமிடம் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்து லேசான குளோரின் வாடை வர வேண்டும். நாள்பட்ட பவுடரில் வாடையே இருக்காது, அது வெறும் சுண்ணாம்பு. கழிப்பறை ஆசிட்டோடு இதைச் சேர்த்துவிடாதீர்கள், நச்சுப் புகை கிளம்பும்.

இந்த நீர் குளிக்க, பாத்திரம் கழுவ. குடிப்பதற்குக் கொதிக்க வைத்த தண்ணீர்தான், தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம். வயிற்றுப்போக்கு வந்தால் பெரிய ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டரில் முழுவதும் கரையுங்கள். பாதிப் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்தால் குழந்தைக்கு உப்பு ஏறி இன்னும் ஆபத்தாகும். துத்தநாக மாத்திரை ஆறு மாதத்துக்கு மேல் 20 மி.கி., அதற்குள் 10 மி.கி., 14 நாள்.

சக்கர நாற்காலி பயன்படுத்துகிறேன். முகாமில் கழிப்பறைக்குப் போக முடியாது என்பதால் வீட்டிலேயே இருந்துவிடுகிறேன்.
– வாசகர், நாகப்பட்டினம்

இந்த முடிவுக்கு உங்களைத் தள்ளியது முகாம்களின் குறை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு, மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாற்றுத்திறனாளிகளின் விவரத்தைப் பதிவாக வைத்திருக்க வேண்டும், ஆபத்தை அவர்களுக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும் என்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் உங்கள் பெயர் அந்தப் பதிவில் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். வெயில் காலத்தில் ஒருநாள் உங்கள் பகுதி முகாமுக்கு நேரில் போய், சாய்தளம், கதவின் அகலம், மேற்கத்தியக் கழிப்பறை மூன்றையும் பாருங்கள். இல்லாததைப் படம் எடுத்து மனுவோடு ஆட்சியரிடம் கொடுங்கள். பேட்டரி நாற்காலி வைத்திருப்பவர், கையால் தள்ளும் ஒன்றையும் வைத்திருப்பது அவசியம்.

தம்பிக்கு மனநல மாத்திரை. வெள்ளத்தில் நான்கு நாள் விட்டால் என்ன?
– வாசகி, மதுராந்தகம்

விடக் கூடாது. வலிப்பு மாத்திரை, ஸ்டீராய்டு, சில இரத்த அழுத்த மாத்திரைகளும் அப்படித்தான், திடீரென நிறுத்தினால் நோய் பன்மடங்காகத் திரும்பும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பதினைந்து நாள் மாத்திரை எப்போதும் கூடுதலாக இருக்கட்டும். லித்தியம் சாப்பிடுபவர் என்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு வந்த உடனேயே மருத்துவரிடம் பேச வேண்டும், நீர் வற்றினால் அந்த மருந்து நஞ்சாகும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.

எங்கள் ஊராட்சியில் இப்படிப்பட்டவர்களின் பட்டியல் தயாரிக்க விரும்புகிறோம். எப்படித் தொடங்குவது?
– ஊராட்சி வார்டு உறுப்பினர், சிதம்பரம் வட்டம்

இந்தப் பக்கத்துக்கு வந்த கேள்விகளில் எங்களுக்கு மிகவும் நிறைவளித்தது இதுதான். அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதார செவிலியர், மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலர் மூவரையும் ஒரே மேஜையில் உட்கார வையுங்கள். ஊரில் யார் வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஒவ்வொரு பெயருக்கும் எழுதவேண்டியவை: வீடு, எந்தத் தளம், என்ன தேவை (மின்சாரம், டயாலிசிஸ், இன்சுலின், தூக்கிச் செல்ல ஆள்), தூக்க எத்தனை பேர் வேண்டும், எங்கே கொண்டுபோவது, அழைத்துப்போகும் பொறுப்பு யாருக்கு. காசநோய், எச்.ஐ.வி., மனநோய் என்று பட்டியலில் எழுதாதீர்கள். 'தினசரி மருந்து' என்ற குறிப்பு போதும்.

பட்டியல் இருந்தும் ஆள் போய்ச் சேராமல் போவது ஒரே காரணத்தால்: பொறுப்பாளரும் அதே தெருவில் மூழ்கியிருப்பார். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு பேர் வேண்டும், ஒருவர் பக்கத்து வீட்டுக்காரர், மற்றவர் மேட்டுத் தெருக்காரர். கம்ப்யூட்டரில் மட்டும் வைத்தால் கரண்ட் போனதும் பட்டியலும் போய்விடும். மூன்று பிரதி எடுத்து, லேமினேஷன் போட்டு, ஊராட்சி அலுவலகம், ஆரம்ப சுகாதார நிலையம், முகாம் சாவி வைத்திருப்பவர் ஆகிய மூன்று இடத்தில் வையுங்கள். அதன் பின்பக்கத்தில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, ஆம்புலன்ஸ் 108, மருத்துவ ஆலோசனை 104, முதியோர் உதவி 14567 எண்கள்.

செப்டம்பர் முடிவதற்குள் ஒருநாள், படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவரின் வீட்டிலிருந்து முகாம் வரை, அவருடைய எடைக்குச் சமமான அரிசி மூட்டையைப் போர்வையில் தூக்கிப் போய்ப் பாருங்கள். எத்தனை பேர் தேவை, எந்த வாசல் குறுகல், எத்தனை நிமிடம் ஆகிறது என்று அன்றே பட்டியலில் எழுதிக்கொள்ளலாம். நிறைமாதக் கர்ப்பிணிகளின் பெயர் மாதாமாதம் மாறும் என்பதால், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பகுதியை மட்டும் திருத்தி ஒட்டுங்கள்.